அக்ரிலிக் நகமும் வேண்டும், சொந்த நகமும் நலமாக இருக்க வேண்டும்: முழுமையான வழிகாட்டி

போன வைகாசியில் காவேரிப்பட்டணம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் கிருஷ்ணகிரியில் இருக்கும் என் பார்லருக்கு வந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். நிச்சயதார்த்தத்துக்காக வேறு ஊரில் அக்ரிலிக் நகம் போட்டிருக்கிறாள். ஒரு நகம் ஓரத்தில் தூக்கிக்கொண்டதும், பத்தையும் பல்லாலும் பழைய ஏடிஎம் கார்டாலும் நெம்பி வீட்டிலேயே பிடுங்கிவிட்டாள். கையை வாங்கிப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நகத்தை லேசாக அழுத்தினால் பாலாடை மாதிரி மடங்கியது. நகத்தின் அடிப்பக்கம், வளைவை ஒட்டிப் பிறைபோல ஒரு சிவப்புக் கோடு. நகம் தேய்க்கும் டிரில் மிஷின் ஆழமாக இறங்கிய தடம் அது.

"அக்கா, அக்ரிலிக் நம்ம நகத்தையே தின்னுடுமாமே, நெஜமா?" என்று கேட்டாள்.

அக்ரிலிக் நகத்தைத் தின்பதில்லை. போடுகிற அன்று அளவுக்கு மீறித் தேய்ப்பதும், எடுக்கிற அன்று பிடுங்குவதும்தான் நகத்தைக் கெடுக்கின்றன. என்னிடம் கெட்டுப்போன நகத்தோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்கும். அதனால் இந்த இரண்டு நாளைப் பற்றியும் விரிவாகச் சொல்கிறேன். நடுவில் வரும் வாரங்களுக்குக் கொஞ்சம் கவனம் போதும்.

முதலில் நகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாம் பார்க்கிற நகம் உயிரில்லாத கெரட்டின் என்ற புரதத்தின் அடுக்கு. உயிருள்ள வேர், அடித்தோலுக்குள் மறைந்து கிடக்கிறது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் புதிதாக வந்து சேர 5 முதல் 6 மாதம் ஆகும். தேய்ந்து மெலிந்த நகத்தை எந்த எண்ணெயும் எந்தக் கிரீமும் மறுபடி தடிமனாக்காது என்பதற்கு இதுதான் காரணம். அந்தப் பகுதி வளர்ந்து நுனிக்கு வந்து வெட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான் வழி.

"நகம் மூச்சு விடணும், அதனால நடுவுல இடைவெளி விடணும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். நகம் மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டியது எல்லாம் அடியில் ஓடும் ரத்தத்திலிருந்து வேருக்குப் போகிறது. இடைவெளி விடுவது நல்லதுதான், ஆனால் காரணம் வேறு: அடியில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியும்.

அக்ரிலிக் என்பது பவுடரும் லிக்விடும். பிரஷை லிக்விடில் நனைத்துப் பவுடரில் தொட்டால் ஒரு சின்ன முத்து திரளும். அதை நகத்தின் மேல் வைத்துப் பரப்பினால் காற்றிலேயே சில நிமிடத்தில் இறுகிவிடும். ஜெல் நகம் போல விளக்கு வெளிச்சம் தேவையில்லை. பல் செட் செய்யும் பொருளுக்கு நெருங்கிய சொந்தம் இது.

அந்த லிக்விடில்தான் விஷயம் இருக்கிறது. நல்லது எத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக இ.எம்.ஏ. மலிவாகக் கிடைப்பது மெத்தில் மெத்தாக்ரிலேட், எம்.எம்.ஏ. இந்த எம்.எம்.ஏ. இறுகினால் கல் மாதிரி ஆகும், வளையாது, அசிட்டோனில் ஊறவைத்தாலும் லேசில் கரையாது. விரல் எங்காவது இடித்தால் அக்ரிலிக் உடையாது. உங்கள் நகம் பெயர்ந்துவிடலாம். 1970களிலேயே அமெரிக்க உணவு, மருந்துத் துறை முழுக்க எம்.எம்.ஏ.வால் ஆன நகப் பொருள்களைச் சந்தையிலிருந்து எடுக்க வைத்தது. நான் பெங்களூரில் தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் லேபிள் இல்லாத பெரிய கேனிலிருந்து ஊற்றித்தான் கொடுத்தார்கள். மூக்கைத் துளைக்கும் நெடி; மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடும். என்னவென்று கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்றில்லை.

யார் போட வேண்டாம்

நகத்தில் பூஞ்சை, நகச்சுத்தி, நகம் படுக்கையை (நகம் ஒட்டியிருக்கும் அடிச்சதையை) விட்டுத் தூக்கியிருப்பது, நகம் கடித்துச் சதை தெரிவது — இவற்றில் எது இருந்தாலும் முதலில் தோல் டாக்டர். நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழத்தில் விரலைச் சொருகும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அதை நம்பி நாளைத் தள்ளி, அதன்மேல் அக்ரிலிக்கும் போட்டால் சீழ் உள்ளேயே அடைபட்டுவிடும்.

நர்சிங் படிக்கும் பெண்கள் தருமபுரியிலிருந்தும் இங்கிருந்தும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு நான் போடுவதில்லை. நோயாளியைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. எத்தனை முறை கழுவினாலும் நகத்துக்கடியில் கிருமி தங்கும். ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ நாள் குறித்தவர்களும் எடுத்துவிடுவது நல்லது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியின் கணக்கை அக்ரிலிக் குழப்பலாம்.

மாடு கறக்கும் வீட்டுப் பெண்கள் இதை யோசியுங்கள். நீள நகம் மடிக்காம்பில் கீறினால் மாட்டுக்குப் புண், கறக்கும்போது உதைக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் இதே பேச்சுதான்.

பார்லரில் உட்காரும் முன்

லிக்விட் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். லேபிளில் எத்தில் மெத்தாக்ரிலேட் என்று இருக்க வேண்டும். லேபிளே இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். "எடுக்கும்போது எப்படி எடுப்பீங்க?" என்றும் கேளுங்கள். ஊறவைத்து எடுப்போம் என்றால் சரி. நெம்பி எடுப்போம், டிரில்லிலேயே முழுக்க எடுத்துவிடுவோம் என்றால் அந்த இடம் வேண்டாம். ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இருக்கிறதா, நகம் தேய்க்கும் ஃபைலை ஒவ்வொருவருக்கும் புதிதாக மாற்றுகிறார்களா, உலோகச் சாமான்களைக் கழுவிக் கிருமிநாசினியில் போட்டு வைக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கல்யாணப் பெண்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும். நகம் போட்ட மறுநாள் மருதாணி வைப்பார்கள். மருதாணி அக்ரிலிக்கில் ஏறி அழுக்கு ஆரஞ்சு நிறமாக நிற்கும். சிவக்க வேண்டும் என்று பூசும் தைலம் ஓரத்தில் இறங்கிப் பிடிப்பைத் தளர்த்தும். மருதாணி முதலில்; அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்து நகம். நகம் போடுகிற அன்று காலையிலிருந்து கையில் எண்ணெய் வேண்டாம்.

போடும் நாள்

முதல் வேலை, காய்ந்த நகம். மெனிக்யூர் என்று கையை வெந்நீரில் ஊறவைத்துவிட்டு உடனே அக்ரிலிக் போடுவது தப்பு. தண்ணீர் குடித்த நகம் உப்பி விரியும்; காய்ந்ததும் சுருங்கும்; மேலே இருக்கும் அக்ரிலிக் சுருங்காது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். கையைக் கழுவித் துடைத்து நன்றாக உலர விட்டால் போதும்.

அடுத்து க்யூட்டிக்கிள். நகம் தொடங்கும் இடத்தில் இருக்கும் தோல் மடிப்பு வேருக்குக் கதவு மாதிரி. அதை வெட்டக் கூடாது, மரக்குச்சியால் மெல்லப் பின்னுக்குத் தள்ள வேண்டும். நகத்தின்மேல் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய செத்த தோலை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். அது தங்கினால் அக்ரிலிக் அங்கேதான் முதலில் தூக்கும்.

பிறகு வருவதுதான் நகத்தின் தலையெழுத்தை முடிவு செய்யும் இடம். நகத்தின் பளபளப்பை மட்டும் எடுக்க வேண்டும். 180 அல்லது 240 நம்பர் ஃபைலை (நம்பர் கூடக் கூட ஃபைல் மென்மையாக இருக்கும்) நகம் வளரும் திசையிலேயே ஒரு நகத்துக்கு மூன்று நான்கு முறை, கை பாரம் கொடுக்காமல் ஓட்டினால் போதும். பளபளப்பு போய் மங்கலாகத் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். "நல்லா சொரசொரப்பா இருந்தாதான் புடிக்கும்" என்று சொல்லி அழுத்தித் தேய்க்கிறவர்கள் உங்கள் நகத்தின் அடுக்குகளை உரிக்கிறார்கள். சொந்த நகத்தில் டிரில் மிஷின் வைத்தால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். டிரில், அக்ரிலிக்கின் மேல் மட்டும். நகத்தில் சூடு தெரிந்தாலோ சுரீர் என்றாலோ வாய்விட்டுச் சொல்லுங்கள். அழகுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி இதில் எதுவுமே கிடையாது.

தூசியைத் துடைத்து, நகத்தின் ஈரத்தையும் எண்ணெயையும் எடுக்கும் டீஹைட்ரேட்டர் தடவி, பிறகு அக்ரிலிக் பிடிக்க உதவும் ப்ரைமர். ப்ரைமரில் அமிலம் கலந்தது, கலக்காதது என்று இரண்டு உண்டு, கலக்காததைக் கேளுங்கள். அமில ப்ரைமர் தோலில் பட்டால் சுட்டுப் புண்ணாக்கும். எதுவானாலும் நகத்தின் நடுவில் ஒரு பொட்டு போதும், தானாகப் பரவும்.

நீளத்துக்கு டிப் என்ற பிளாஸ்டிக் நக நுனியை ஒட்டலாம், ஃபார்ம் என்ற காகித அச்சை விரலுக்கடியில் மாட்டியும் கட்டலாம். நான் ஃபார்ம் பக்கம். டிப் ஒட்டினால் அது சேரும் கோட்டைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அப்போது ஃபைல் சொந்த நகத்தையும் தொட்டுவிடும். டிப்தான் என்றால் அது உங்கள் நகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறக் கூடாது. அகலம் பக்கத்துக்குப் பக்கம் சரியாக இருக்க வேண்டும். சின்ன டிப்பை அழுத்தி ஒட்டினால் நகம் நாள் முழுக்க இழுபட்டு வலிக்கும்.

முத்து வைக்கும்போது பாருங்கள்: பிரஷிலிருந்து சொட்டாமல், மாவு மாதிரி உதிராமலும் இருக்க வேண்டும். லிக்விட் அதிகமானால் ஓடித் தோலில் போய் உட்காரும். இறுகாத அக்ரிலிக் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் அலர்ஜி வரும். உடனே வராது, மாதக் கணக்கில் போட்ட பிறகு ஒரு நாள் விரல் நுனி அரிக்கும், தோல் உரியும், சிலருக்குக் கண்ணிமை வீங்கும். ஒருமுறை வந்தால் வாழ்நாளுக்கும் இருக்கும். பல் மருத்துவத்தில் இதே குடும்பப் பொருள்கள் பயன்படுவதால் அங்கேயும் தொந்தரவு கொடுக்கலாம். அதனால்தான் தோலுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் முடி அளவுக்கு ஒரு இடைவெளி விடுகிறோம். தோலில் பட்டதை அப்படியே காய விட்டுப் பிறகு தேய்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நம்ம மாவட்டத்திலேயே பருவத்துக்குப் பருவம் வேலை மாறும். கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் முத்தைப் பரப்புவதற்குள் இறுகிவிடும். ஓசூர், தளி பக்கம் மார்கழிக் காலையில் குளிருக்கு அக்ரிலிக் சர்க்கரை பூத்தது மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரிந்துவிடும். அப்படிப் போட்ட நகம் பொரபொரவென்று உடையும். குளிர் நாளில் அறையைக் கொஞ்சம் கதகதப்பாக வைத்து, வந்தவர் கையையும் சூடாக்கிக்கொண்டு ஆரம்பிப்பேன்.

நீளம்: முதல் தடவை போடுகிறவர்கள் விரல் நுனியிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். கடப்பாரை நீளமாக இருந்தால் கல் சுலபமாகப் பெயர்வது போல, நகம் நீளமாக இருந்தால் நுனியில் படும் சின்ன இடியும் அடியில் பெரிய நெம்பலாகப் போய்ச் சேரும். விரல் நுனி முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் அக்ரிலிக் மேடாக இருக்க வேண்டும், ஓரங்களில் மெலிந்து வர வேண்டும். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் அந்த மேடு தெரியும். எல்லா இடத்திலும் ஒரே தட்டையாக இருந்தால் நடுவில் முறியும்.

போட்ட பிறகு வீட்டில்

தினமும் ராத்திரி படுக்கும்போது நகக்கண்ணிலும் நகத்துக்கடியிலும் ஒரு சொட்டு எண்ணெய். ஜொஜோபா எண்ணெய் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெய். அக்ரிலிக் முழுக்க இறுகிய பிறகு எண்ணெயால் தூக்கிக்கொள்ளாது. போடுவதற்கு முன்னால் இருந்த எண்ணெய்தான் கெடுதல். போர் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிறவர்கள் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நகத்தை ஆயுதமாக்காதீர்கள். டப்பா மூடி, சிலிண்டர் சீல், பூண்டுத் தோல் எல்லாவற்றுக்கும் கத்தியும் விரல் சதையும் இருக்கின்றன. மாசி, பங்குனியில் நம்ம பக்கம் தெருத் தெருவாக உட்கார்ந்து புளி தட்டுவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டை எடுக்கிற வேலை முழுக்க நகத்து வேலை. அந்த இரண்டு மாதத்துக்கு அக்ரிலிக் வேண்டாம் என்றுதான் புளி வேலைக்குப் போகும் பெண்களிடம் சொல்வேன்; மிஞ்சினால் நீளமே இல்லாமல் மேல்பூச்சு மட்டும்.

களி சாப்பிடுகிற வீடு என்றால் இன்னொன்று. கேழ்வரகுக் களியைக் கிள்ளும்போது நகத்துக்கடியில் ஏறி ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் சிமெண்ட். அதை ஊக்காலோ குச்சியாலோ குத்தி எடுக்காதீர்கள், நகம் படுக்கையிலிருந்து பிரிந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, குழந்தைகளின் பழைய மெத்தென்ற பிரஷால் நுனிப்பக்கம் நோக்கித் தேய்த்து, துண்டால் நகத்துக்கடியிலும் ஈரம் ஒற்றுங்கள். கேழ்வரகில் கால்சியம் நிறைய, அதனால் நகம் கெட்டிப்படும் என்று அந்தப் பெண்ணின் அம்மா சொன்னார். களி உடம்புக்கு நல்லதுதான். ஆனால் நகத்தின் உறுதி கால்சியத்தால் வருவதில்லை, புரதத்தால் வருகிறது. பயறு, முட்டை, நிலக்கடலை, கீரை சேர்த்துச் சாப்பிடுங்கள். நகம் கரண்டி மாதிரி குழிந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், ரத்தம் பார்க்க வேண்டும். நகத்துக்கும் முடிக்கும் என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைராய்டு டெஸ்ட் எடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது முடிவைத் தப்பாகக் காட்டலாம்.

தூக்கிக்கொண்டால்

வாரத்துக்கு ஒரு முறை வெளிச்சத்தில் நகத்தைச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தால் அங்கே காற்றும் தண்ணீரும் புகுந்திருக்கின்றன. ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிடுவார்கள், அதுதான் ஆபத்து. அடைபட்ட ஈரத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். இதைப் பாசி என்றும் பூஞ்சை என்றும் சொல்லி மேலே கலர் பூசி மறைப்பார்கள். மறைக்கக் கூடாது. அந்த நகத்தை எடுத்து, கழுவி, உலர்வாக வைத்திருந்து டாக்டரிடம் காட்ட வேண்டும். கறை நகத்தோடு வளர்ந்து போகக் கொஞ்ச காலம் எடுக்கும். சரியாகும்வரை புதிதாக எதுவும் போட வேண்டாம்.

இரண்டு முதல் மூன்று வாரத்தில் ரீஃபில்லுக்கு, அதாவது நகம் வளர்ந்த இடத்தை அக்ரிலிக்கால் நிரப்ப, போய்விட வேண்டும். நகம் வளர வளர மேடு நுனிப்பக்கம் நகர்ந்து எடை முன்னால் சாயும். ஒரு மாதம் தாண்டினால் நெம்பல் கூடும். ரீஃபில் செய்யும்போது தேய்ப்பது பழைய அக்ரிலிக்கை மட்டும், புதிதாக வளர்ந்த நகத்தை இல்லை.

எடுக்கும் நாள்

பார்லரில் எடுப்பதுதான் நல்லது. முடியாதவர்கள் வீட்டில் இப்படிச் செய்யுங்கள், ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுப்படி வேண்டாம். சாமி விளக்கு எரியும் அறையும் வேண்டாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவிப் போய் எட்டத்தில் இருக்கும் தீயையும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு உட்காருங்கள். அசிட்டோனை அடுப்பில் வைத்துச் சூடாக்கவே கூடாது.

நீளத்தை வெட்டிவிட்டு, 100 நம்பர் ஃபைலால் அக்ரிலிக்கின் மேல்பகுதியைத் தேயுங்கள். முக்கால் பங்கு போய் ஒரு மெல்லிய படலம் மிஞ்சும்போது நிறுத்துங்கள். சொந்த நகம் தெரியும்வரை போகாதீர்கள். சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவுங்கள். சுத்த அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து, அலுமினியத் தாளால் விரலைச் சுற்றுங்கள். சாதாரண பாலிஷ் ரிமூவர் இதற்குப் போதாது. 20 முதல் 30 நிமிடம். சுற்றிய கையை ஒரு துண்டுக்குள் வைத்தால் உடம்புச் சூட்டிலேயே சீக்கிரம் கரையும்.

ஒரு விரலை மட்டும் திறந்து பாருங்கள். அக்ரிலிக் ஊறிய அவல் மாதிரி குழைந்திருக்க வேண்டும். மரக்குச்சியால் தள்ளினால் தானாக வழியும். வழியவில்லை, எங்காவது பிடித்துக்கொள்கிறது என்றால் மறுபடி பஞ்சு வைத்து இன்னும் 10 நிமிடம். மூன்று தடவை சுற்ற வேண்டி வந்தாலும் சுற்றுங்கள். அந்தக் காவேரிப்பட்டணத்துப் பெண் நெம்பியபோது அக்ரிலிக்கோடு சேர்ந்து வந்தது அவளுடைய நகத்தின் மேலடுக்கு; பொட்டலம் கட்டி எடுத்து வந்த துண்டுகளைத் திருப்பிப் பார்த்தேன், உட்பக்கத்தில் வெங்காயச் சருகு மாதிரி ஒட்டியிருந்தது. ஒரு மணி நேரம் ஊறவைத்தும் அசையவே இல்லை என்றால் அது எம்.எம்.ஏ.வாக இருக்கலாம், பிடுங்காமல் பார்லருக்குப் போய்ப் பொறுமையாகத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மெலிந்த நகம் நீளமாக இருந்தால் மடிந்து கிழியும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம், காய்ந்த மேலடுக்குதான் பெரும்பாலும். வலி, சீழ், அரிப்பு, நகம் படுக்கையை விட்டுத் தூக்குவது என்றால் தோல் டாக்டர்.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு நான் அக்ரிலிக் போடவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்: "ஃபோட்டோல கை மொட்டையா தெரியுமே கண்ணு." நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தைச் சீராக்கி, இரண்டு கையிலும் மருதாணி நிறைய வைத்து அனுப்பினேன். மாதம் ஒரு முறை வரச் சொன்னேன். சிவப்புக் கோடு ஒவ்வொரு மாதமும் ஒரு அரிசி அகலம் மேலே ஏறிக்கொண்டே வந்தது. கார்த்திகையில் அது நுனிக்கு வந்தது, வெட்டி எடுத்தோம். ஆள்காட்டி விரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன், மடங்கவில்லை. அன்றைக்கு ஃபார்ம் மாட்டி, 3 மில்லிமீட்டர் நீளத்தில், 240 ஃபைலால் மூன்றே ஓட்டு ஓட்டிப் போட்டேன். ரீஃபில்லுக்குப் பதினெட்டாம் நாள் வந்தாள். பத்து விரலில் ஒன்றுகூடத் தூக்கியிருக்கவில்லை.